ஒரு மூலையில் வெட்டுது, மறுமூலையில் வெட்டல: லேசர் கட்டர் கேள்வி – பதில்

கோல அச்சு, கல்யாணப் பெயர்ப்பலகை, பள்ளிக்கூட ஷீல்டு, கீ-செயின் என்று வீட்டிலேயே சின்ன லேசர் கட்டர் வைத்து வேலை செய்கிற வாசகர்கள் எழுதிய கடிதங்கள் இவை. எல்லாரும் ‘அலைன்மென்ட் போயிட்டு’, அதாவது லேசர் ஒளி போகும் பாதை விலகிவிட்டது, என்றுதான் எழுதியிருக்கிறார்கள். சிலருக்கு உண்மையிலேயே அதுதான் கோளாறு. சிலருக்குக் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அவர்கள் ஒளியைத் திருப்பும் கண்ணாடிகளின் திருகில் கைவைத்தால் நன்றாக இருக்கிற மெஷினும் கெடும்.

கே: அண்ணாச்சி, என்கிட்ட இருக்கது 40 வாட் டியூப் மெஷின். பலகை வைக்குற பெட் 300-க்கு 200 மி.மீ. பின்பக்க இடது மூலையில 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகை ஒரே ஓட்டத்துல விழுந்துருது. முன்பக்க வலது மூலையில கோடுதான் விழுது, அறுபட மாட்டேங்கு. மூணு கண்ணாடியிலயும் எல்லாத் திருகையும் திருகிப் பாத்தாச்சு, இப்ப முன்னைவிட மோசமா கெடக்கு. எங்கேருந்து ஆரம்பிக்க?
— வாசகர், அம்பாசமுத்திரம்

ப: உங்கள் மெஷினில் லேசர் ஒளி உண்டாகும் டியூப் பின்பக்கம் கிடக்கிறது. ஒளி இடது பின்மூலையில் இருக்கும் முதல் கண்ணாடியில் பட்டு முன்னோக்கித் திரும்புகிறது. ஹெட் (வெட்டும் முனை) ஓடும் குறுக்குச் சட்டத்தின் இடது முனையில் இருக்கும் இரண்டாம் கண்ணாடி அதை வலப்பக்கம் திருப்புகிறது. ஹெட்டில் இருக்கும் மூன்றாம் கண்ணாடி லென்ஸ் வழியாகக் கீழே இறக்குகிறது. ஆகவே பின்பக்க இடது மூலைக்கு ஒளி வந்து சேரும் தூரம் குறைவு, முன்பக்க வலது மூலைக்கு அதிகம். கிட்டே வெட்டி, தூரத்தில் வெட்டவில்லை என்றால், ஒளி போகப் போக விலகி ஏதோ ஒரு வளையத்தின் விளிம்பில் இடிக்கிறது என்று அர்த்தம். கண்ணாடி அரை டிகிரி சாய்ந்தால் ஒளி ஒரு டிகிரி சாயும். ஒரு டிகிரி சாய்வு 200 மி.மீ. தூரத்தில் மூன்றரை மி.மீ. விலகலாகிவிடும். அதுவே பாதி ஒளியைத் தின்றுவிடப் போதும்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் நிறுத்துங்கள்: ஒரு கண்ணாடியின் திருகு, அந்தக் கண்ணாடிக்கு அடுத்து வரும் பாதையைத்தான் சரிசெய்யும். முதல் கண்ணாடியின் திருகு, இரண்டாம் கண்ணாடிவரை போகும் பாதைக்கு. இரண்டாவதன் திருகு, மூன்றாவதுவரை போகும் பாதைக்கு. டியூப் பக்கமிருந்து தொடங்கி வரிசையாக வர வேண்டும். டியூப் பக்கத்துக் கண்ணாடியைப் பிறகு தொட்டால், அதற்கு அடுத்த கண்ணாடிகளில் செய்தது எல்லாம் மறுபடி செய்ய வேண்டிவரும்.

இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம். டேப்பை ஒட்டியதும் கையை வெளியே எடுத்து, மூடியைச் சாத்திவிட்டுத்தான் டெஸ்ட் பட்டனை அழுத்த வேண்டும். அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்கிற பழக்கம் கூடவே கூடாது. கண்ணுக்கு 10,600 நானோமீட்டருக்கு என்று எழுதியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள்.

கரண்டை 5 மில்லியாம்ப் அளவுக்குக் குறையுங்கள். மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடியின் மேல் ஒட்டாமல், அதைப் பிடித்திருக்கும் வளையத்தின் விளிம்பில் ஒட்டி, கட்டைவிரலால் லேசாகத் தேய்த்தால் வளையத்தின் வட்டம் டேப்பில் பதிந்து தெரியும். நடு எது என்று தேட வேண்டியதில்லை. பட்டனைத் தொட்டு உடனே விட்டால் பழுப்பாக ஒரு சின்னப் புள்ளி விழும். டேப் ஓட்டையாகித் தீப்பிடித்தால் கரண்ட் அதிகம், அல்லது அழுத்திய நேரம் அதிகம்.

முதலில் டேப்பை முதல் கண்ணாடி வளையத்தில் ஒட்டிச் சுடுங்கள். புள்ளி ஏறக்குறைய நடுவில் விழ வேண்டும். விளிம்போரம் விழுந்தால் டியூப்பைத்தான் நகர்த்த வேண்டும். மெஷினின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு அந்த வேலைக்குப் போங்கள். டியூப்பில் ஓடுவது பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல். அணைத்த பிறகும் சிறிது நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும். சிவப்பு ஒயர் முனைப்பக்கம் கை போகக்கூடாது.

அடுத்து டேப்பை இரண்டாம் கண்ணாடியில் ஒட்டுங்கள். குறுக்குச் சட்டத்தைப் பின்கோடிக்குத் தள்ளி ஒரு புள்ளி, முன்கோடிக்கு இழுத்து ஒரு புள்ளி. இந்த இடத்தில்தான் அநேகம் பேர் வழி தவறுகிறார்கள். தூரத்துப் புள்ளி நடுவில் இல்லை என்று பார்த்து, அதை நடுவுக்குக் கொண்டுவரத் திருகுகிறார்கள். அப்போது கிட்டத்துப் புள்ளி வேறெங்கோ போய்விடும். ஒளி குறுக்காகப் பாய்ந்து ஓர் இடத்தில் மட்டும் நடுவைக் கடந்து போகும். செய்ய வேண்டியது, தூரத்துப் புள்ளியைக் கிட்டத்துப் புள்ளியின் மேல் ஏற்றுவது. நடுவில் இருக்கிறதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் ஒளி, சட்டம் ஓடும் பாதைக்கு இணையாகப் போகிறது என்று பொருள்.

கண்ணாடிப் பிடியில் மூன்று திருகு இருக்கும். மூலையில் இருப்பது ஆதாரத் திருகு. அதைத் தொடாதீர்கள், தொட்டால் புள்ளி கோணலாக ஓடும். மற்ற இரண்டில் ஒன்று புள்ளியை மேல்-கீழாகவும் மற்றது இட-வலமாகவும் நகர்த்தும். திருகை அசையாமல் பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்திவிட்டு எட்டில் ஒரு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். திருகும்போது கிட்டத்துப் புள்ளியும் கொஞ்சம் நகரும் என்பதால் கிட்டே-தூரே என்று மூன்று நான்கு முறை மாறி மாறிச் சுட வேண்டியிருக்கும். நட்டை இறுக்கிய பிறகு கட்டாயம் இன்னொரு முறை சுடுங்கள். இறுக்கும்போதே நகர்ந்துவிடும்.

இரண்டு புள்ளியும் சேர்ந்துவிட்டது, ஆனால் நடுவிலிருந்து 4 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்றால், அங்கே திருகுக்கு வேலையில்லை. டியூப்பைத்தான் 4 மி.மீ. இறக்க வேண்டும். பக்கவாட்டில் விலகியிருந்தால் முதல் கண்ணாடியின் பிடியை அதன் போல்ட் துளைக்குள்ளேயே, டியூப் கிடக்கும் வாக்கில், இட-வலமாக நகர்த்துங்கள். பிடி எவ்வளவு நகருமோ அவ்வளவு புள்ளியும் நகரும்.

இனி டேப் மூன்றாம் கண்ணாடி வாயில். நான்கு மூலைக்கும் ஹெட்டைக் கொண்டுபோய்ச் சுட்டு, பேனாவால் 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். இந்த நான்கு புள்ளிகள் நிறையச் சொல்லும். பின்பக்கத்து இரண்டு புள்ளியும் ஒன்றாக, முன்பக்கத்து இரண்டும் ஒன்றாக, ஆனால் இந்த ஜோடியும் அந்த ஜோடியும் தள்ளி விழுந்தால், முதல் கண்ணாடி வேலை இன்னும் முடியவில்லை, திரும்பிப் போங்கள். இடது இரண்டும் ஒன்றாக, வலது இரண்டும் ஒன்றாக, ஆனால் இடதும் வலதும் தள்ளி விழுந்தால், இரண்டாம் கண்ணாடியின் திருகு. பின்பக்கத்தில் இடதும் வலதும் சேர்கிறது, முன்பக்கத்தில் சேரவில்லை என்றால், எந்தத் திருகாலும் அது சரியாகாது. சட்டம் முன்னால் வரும்போது கோணிக்கொள்கிறது, அல்லது ஓடும் ரெயில் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை. முதலில் அந்த இரும்பு வேலையைச் சரிசெய்துவிட்டுத்தான் கண்ணாடிக்கு வர வேண்டும்.

நான்கும் ஒரே புள்ளியானால் கடைசி வேலை கீழ்நோக்கிய ஒளி. ஹெட்டின் கீழே ஒளி வெளியே வரும் குழல்முனையான நாசிலின் வாயில் டேப்பை ஒட்டிச் சுடுங்கள். புள்ளி நாசில் துளையின் நடுவில், முழு வட்டமாக இருக்க வேண்டும். பிறை மாதிரி இருந்தாலும், பக்கத்தில் மங்கலாக இன்னொரு புள்ளி விழுந்தாலும் ஒளி எங்கோ உரசிக்கொண்டு வருகிறது. எல்லாம் முடிந்ததும் மூன்று கண்ணாடியையும் துடைத்துவிடுங்கள். டேப் எரிந்த புகை முழுக்க அதில்தான் படிந்திருக்கும்.

நீங்கள் எல்லாத் திருகையும் திருகிவிட்டதால் ஒரு காரியம் கூடுதலாகச் செய்ய வேண்டும். மூன்று பிடியிலும் முன்தகடும் பின்தகடும் இணையாக வரும்படி, இடைவெளியைப் பார்த்து மூன்று திருகையும் சம அளவுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஆதாரத் திருகைத் தொட வேண்டியது அந்த ஒரு முறைதான்.

கே: 5 மி.மீ. அக்ரிலிக்ல கோல அச்சு வெட்டுதேன். வெட்டின ஓரம் ஒரு பக்கம் நேரா இருக்கு, ஒரு பக்கம் சாஞ்சு இருக்கு. நாலு மூலையிலயும் ஒண்ணுபோலதான் அறுக்கு. லென்ஸ் மாத்தணுமா?
— வாசகர், திருநெல்வேலி டவுண்

ப: நான்கு மூலையிலும் ஒன்றுபோல அறுக்கிறது என்றால் முதல் இரண்டு கண்ணாடியும் சரி. அவற்றைத் தொடாதீர்கள். 20 மி.மீ. சதுரம் ஒன்றை வெட்டி, எடுப்பதற்கு முன் எந்த ஓரம் எந்தப் பக்கம் என்று மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். எதிரெதிர் ஓரம் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் ஒளி சாய்ந்து இறங்குகிறது. எதிரெதிர் ஓரங்கள் எதிரெதிராகச் சாய்ந்து, ஒரு முகம் சிறுத்து மறுமுகம் பெருத்திருந்தால் அது ஃபோகஸ் கோளாறு. லென்ஸ் ஒளியைக் கூம்பாகக் குவிப்பதால் கனமான பலகையில் கொஞ்சம் இப்படி இருக்கத்தான் செய்யும். 5, 6 மி.மீ. வெட்டும்போது ஃபோகஸைப் பலகையின் மேல்முகத்தில் வைக்காமல் ஒன்றரை, இரண்டு மி.மீ. உள்ளே இறக்கி வைத்தால் குறையும்.

ஒளிதான் சாய்கிறது என்றால், முதலில் லென்ஸைக் கழற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு என்று இருக்கும் லென்ஸில் புடைத்த பக்கம் மேலே, தட்டைப் பக்கம் பலகையைப் பார்த்து இருக்க வேண்டும். துடைக்க எடுத்து மாற்றிப் போட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிற காரியம். மாற்றிப் போட்டால் ஒளி கூராகக் குவியாது, கோடு அகலமாகும். லென்ஸ் தன் இருக்கையில் ஒரு பக்கம் தூக்கி உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிசிறு ஒன்று அடியில் இருந்தாலே போதும்.

லென்ஸ் சரியென்றால் அதை எடுத்துவிட்டு, பெட்டின் மேல் ஒரு அட்டையில் ஒரு புள்ளி சுடுங்கள். அட்டையின் கீழ் 25 மி.மீ. கட்டையைக் கொடுத்து, அட்டை பக்கவாட்டில் நகராமல் உயர்த்தி, இன்னொரு புள்ளி. இரண்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும். விலகினால் மூன்றாம் கண்ணாடியின் திருகு. சின்ன மெஷின்கள் பலவற்றில் அந்தக் கண்ணாடிக்குத் திருகே இருக்காது. ஹெட் உட்கார்ந்திருக்கும் தகட்டின் கீழே, சாய்வுக்குத் தக்கபடி குளிர்பான டின்னிலிருந்து வெட்டிய மெல்லிய தகட்டைச் செருகுவதுதான் வழி.

கே: நான் வச்சிருக்கது 10 வாட் டயோடு லேசர். வட்டம் போட்டா தொடங்கின இடமும் முடிஞ்ச இடமும் சேர மாட்டேங்கு. பேர் எழுதுனா எழுத்தோட ஓரம் வாள்பல் மாதிரி வருது. இதுல கண்ணாடியே கிடையாதே, எதை அலைன் பண்ண?
— வாசகி, மேலப்பாளையம்

ப: டயோடு லேசரில் ஒளியின் ஊற்றே ஹெட்டில் இருப்பதால் ஒளிப்பாதையைச் சரிசெய்யும் வேலை இல்லை. ஹெட் ஓடுவதைத்தான் பார்க்க வேண்டும். வட்டம் சேராததற்கு முதல் சந்தேகம் புல்லியின் மேல். மோட்டார் தண்டின் மேல் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சின்ன கிரப் ஸ்க்ரூ தளர்ந்திருந்தால், தண்டு சுற்றிய பிறகே சக்கரம் சுற்றும். தண்டின் நுனியிலிருந்து சக்கரம்வரை மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு வேலையை ஓட்டுங்கள். முடிந்த பிறகு கோடு உடைந்திருந்தால் அதுதான். தண்டில் தட்டையாகச் செதுக்கிய பக்கம் இருந்தால் ஸ்க்ரூ அந்தத் தட்டையின் மேல் வரும்படி வைத்து இறுக்குங்கள்.

அடுத்தது பெல்ட். விரலால் சுண்டினால் தொய்யாமல் விறைப்பாக நிற்க வேண்டும், ஆனால் மோட்டார் முனகுமளவுக்கு இழுக்கவும் கூடாது. பிறகு ஹெட்டைத் தாங்கி ஓடும் சக்கரங்கள். ஹெட்டைப் பிடித்து லேசாக ஆட்டினால் ஆட்டம் தெரிந்தால், கீழ்ச் சக்கரத்தில் இருக்கும் மையம் விலகிய நட்டை, ஆட்டம் நிற்கும்வரை திருப்புங்கள். சக்கரத்தைக் கையால் தடுத்தால் சிரமப்பட்டாவது வழுக்க வேண்டும். அசையவே இல்லை என்றால் இறுக்கம் அதிகம், சக்கரம் சீக்கிரம் தேயும்.

சதுரம் சாய்சதுரமாக வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 300-க்கு 400 மி.மீ. செவ்வகம் ஒன்றை அட்டையில் போட்டு மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு பக்கமும் 500 வர வேண்டும். தச்சர்கள் மூலை பிடிக்கும் அதே 3-4-5 கணக்கு. வரவில்லை என்றால் மெஷினை அணைத்துவிட்டு, குறுக்குச் சட்டத்தை முன்பக்கத்துக்கு இழுத்து, இரண்டு முனையும் ஒரே நேரத்தில் இடிக்கிறதா பாருங்கள். ஒரு முனை பிந்தினால், இரண்டு பக்கத்துப் பெல்ட்டையும் இணைக்கும் தண்டின் ஒரு பக்க ஸ்க்ரூவைத் தளர்த்தி, இரண்டு முனையையும் இடிக்கவைத்து, அப்படியே பிடித்துக்கொண்டு இறுக்குங்கள்.

எழுத்தின் வாள்பல் வேறு விஷயம். போகும்போதும் வரும்போதும் மாறி மாறிப் பொறிப்பதால், திரும்பி வரும் கோடு கொஞ்சம் தள்ளி விழுகிறது. ஒரே திசையில் பொறிக்கும்படி மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஓரம் நேரானால் பெல்ட்டில் கோளாறு இல்லை. லைட்பர்ன் மென்பொருளில் இந்த விலகலை ஈடுகட்ட வேகத்துக்கு வேகம் ஸ்கேனிங் ஆஃப்செட் அளவு கொடுக்க இடம் இருக்கிறது, அதில் சரிசெய்யலாம். ஒரே திசையிலும் பல் தெரிந்தால் மறுபடி பெல்ட்டுக்கு வாருங்கள்.

உங்கள் லேசர் நீல ஒளி, அலைநீளம் 450 நானோமீட்டரை ஒட்டி இருக்கும். நிறமில்லாத அக்ரிலிக் அதைத் தடுக்கவே தடுக்காது. மெஷினைச் சுற்றி அக்ரிலிக் தடுப்பு வைத்திருக்கிறோம், பிள்ளைகள் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி அறையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டும்.

கே: காலையில நல்லா வெட்டுது. பதினோரு மணிக்கு மேல அதே வேகத்துல அறுபட மாட்டேங்கு. மொட்டை மாடியில தகர ஷெட்டுக்குள்ள வச்சிருக்கேன். வெயில்ல கண்ணாடி நகருமா? தினமும் அலைன் பண்ண வேண்டியிருக்கு.
— வாசகர், திசையன்விளை

ப: தினமும் செய்வதை இன்றே நிறுத்துங்கள். காலையில் நான்கு மூலையிலும் சுட்ட டேப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மதியம் அதே கரண்டில் மறுபடி சுடுங்கள். புள்ளி அதே இடத்தில் விழுந்து, நிறம் மட்டும் வெளுத்திருந்தால் கண்ணாடி நகரவில்லை, டியூப்பின் பலம் குறைந்திருக்கிறது. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். டியூப்பைக் குளிர்விக்கும் தண்ணீர் 18-லிருந்து 22 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 25-ஐத் தாண்டினால் பலம் இறங்கும், 30-ல் வேலையை நிறுத்திவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் தகர ஷெட்டுக்குள் வைத்த வாளித் தண்ணீர் காலையிலேயே 30-ஐத் தாண்டும். வெப்பமானியை வாளியில் போட்டே வையுங்கள். 20 லிட்டர் தண்ணீரில், உறையவைத்த ஒரு லிட்டர் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போட்டால் சின்ன வேலைகளைச் சமாளிக்கலாம். ஆர்டர் தொடர்ந்து வருகிறது என்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் கம்பிரசர் வைத்த சில்லர்தான் தீர்வு. வெறும் ஃபேன் வைத்த சில்லர், அறையின் வெப்பத்துக்குக் கீழே தண்ணீரைக் கொண்டுபோகாது. நம் ஊர் வெயிலுக்கு அது பிரயோஜனமில்லை.

போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பு டியூப்புக்குள் படியும். அதைவிட, உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் உயர் மின்னழுத்தம் தண்ணீர் வழியாகக் கசியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்குங்கள். மெஷினின் உடம்புக்கு எர்த் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு நேர்மாறான தொல்லை வரும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் தண்ணீரை 15 டிகிரிக்கு இறக்கினால் டியூப் வியர்க்கும், ஒயர் முனையில் பொறி பறக்கும். அந்த மாதங்களில் 20-க்குக் கீழே போக வேண்டாம்.

கே: வீடு மாறினோம். மெஷினைப் பத்திரமாத்தான் தூக்கிட்டு வந்தோம். இப்ப நாலு மூலையும் நாலு விதமா இருக்கு.
— வாசகர், தென்காசி

ப: திருகைத் தொடும் முன் மேசையைப் பாருங்கள். இந்த மெஷின்களின் பெட்டி மெல்லிய தகடு. ஒரு கால் தரையில் படாமல் நின்றால் பெட்டியே முறுக்கிக்கொள்ளும், உள்ளே ரெயிலும் கூடவே முறுக்கும். எதிரெதிர் மூலையை மாறி மாறி அழுத்துங்கள். ஆடினால் காலுக்கு அடியில் தகடு கொடுங்கள். பிறகு ரசமட்டத்தை இடது ரெயிலிலும் வலது ரெயிலிலும் வைத்துப் பாருங்கள். குமிழி நடுவில் நிற்க வேண்டும் என்பதுகூட இல்லை, இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றால் போதும். அநேகமாகப் பாதிக் கோளாறு இதிலேயே போய்விடும். மீதிக்கு அம்பாசமுத்திரத்து வாசகருக்குச் சொன்ன முறை.

கே: சிவப்புப் புள்ளி காட்டுற இடம் ஒண்ணு, வெட்டுற இடம் ஒண்ணு.
— வாசகர், வண்ணார்பேட்டை

ப: சிவப்பு விளக்கு பக்கத்திலிருந்து சாய்ந்து அடிக்கிறது. ஆகவே ஒரே ஒரு உயரத்தில்தான் அது வெட்டும் இடத்தோடு சேரும். பலகையைச் சரியான ஃபோகஸ் உயரத்தில் வைத்து, ஒரு புள்ளி சுட்டு, ஹெட்டை நகர்த்தாமல் விளக்கை அந்தப் புள்ளியின் மேல் திருப்பி இறுக்குங்கள். பலகையின் கனம் மாறும்போதெல்லாம் பெட்டை ஏற்றி இறக்கி அதே உயரத்துக்குக் கொண்டுவந்தால் விலகாது.

கே: கண்ணாடியைத் துடைச்சாலும் ரெண்டு நாள்ல மங்கிருது. துடைக்கத் துடைக்க மஞ்சள் நிறம் போயி திட்டுத் திட்டா தெரியுது. புதுசு போட்டா மறுபடி முழு அலைன்மென்ட்டும் பண்ணணுமா? எப்பவாச்சும் ரெக்சின் வெட்டுவேன்.
— வாசகர், சங்கரன்கோவில்

ப: ரெக்சின்தான் காரணம். அதில் பி.வி.சி. இருக்கிறது. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். கண்ணாடியின் பூச்சைக் கெடுப்பதோடு ரெயிலையும் பேரிங்கையும் அரிக்கும், உங்கள் நுரையீரலையும் விடாது. ரெக்சின், ஃபிளெக்ஸ், பி.வி.சி. ஷீட் எதையும் லேசரில் வைக்காதீர்கள். காசு அதிகம் கொடுக்கிறார்கள் என்றாலும் வேண்டாம்.

பூச்சு போன கண்ணாடியைத் துடைத்துப் பயனில்லை. ஒளியை வாங்கிச் சூடாகி விரிசல் விடும். சிலிக்கான் மேல் தங்கப் பூச்சு போட்டது ஒளியை நன்றாகத் திருப்பும், ஆனால் பூச்சு மென்மையானது. மாலிப்டினம் கண்ணாடிக்குப் பூச்சே இல்லை. கொஞ்சம் குறைவாகத் திருப்பினாலும் அழுத்தித் துடைக்கலாம், புகை அதிகம் படும் மூன்றாம் இடத்துக்கு அதைப் போடுங்கள். வாங்கும்போது விட்டத்தோடு கனத்தையும் அளந்து கேளுங்கள். கண்ணாடி முன்பக்க விளிம்பில் ஒட்டி உட்காரும் பிடியாக இருந்தால் கனம் மாறினாலும் ஒளி படும் முகம் நகராது. பின்பக்கத்திலிருந்து தாங்கும் பிடியாக இருந்தால் 2 மி.மீ. இருந்த இடத்தில் 3 மி.மீ. போட்டதும் முகம் ஒரு மி.மீ. முன்னே வந்து, புள்ளியும் தள்ளிப் போகும். எப்படியும், மாற்றியது மூன்றாவது என்றால் நாசில் டேப் சோதனை மட்டும் போதும். இரண்டாவது என்றால் நான்கு மூலையும், பிறகு நாசிலும். முதலாவது என்றால் முழுதும்.

துடைப்பதற்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், லென்ஸ் டிஷ்யூ. டிஷ்யூவை நனைத்து மேலே போட்டு, அழுத்தாமல் ஒரே இழுப்பாக இழுத்து எடுங்கள். அதே டிஷ்யூவால் இரண்டாம் முறை தொடக்கூடாது. லென்ஸ் மஞ்சளாக இருப்பது அழுக்கல்ல, லென்ஸ் செய்த பொருளான ஜிங்க் செலினைடின் நிறமே அது. உடைந்தால் துண்டுகளை வெறுங்கையால் பொறுக்காதீர்கள், தூள் விஷம். கையுறை போட்டு, ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, ஒரு டப்பாவில் போட்டு மூடி, மேலே என்னவென்று எழுதி ஒட்டிவிடுங்கள்.